வீடுகளைக் கண்டால் கண்ணை மூடும் ரயில்!

குட்டீஸ்... ரயிலில் ஏறியதும் முதலில் எதைத் தேடுவீர்கள்? ஜன்னலோர சீட்டைத்தானே! தம்பி, தங்கையோடு சண்டை போட்டாவது அந்த இடத்தைப் பிடித்து விடுவீர்கள். அப்படி இடம் பிடித்து, ஜாலியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும்போது, ஜன்னல் கண்ணாடி திடீரென்று பால் ஊற்றியது போல வெள்ளையாக மாறிவிட்டால்?

வெளியே மரம் தெரியவில்லை. ரோடு தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. 'என்ன ஆச்சு?' என்று நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதற்குள், மறுபடியும் பளிச்சென்று எல்லாம் தெரிகிறது!

இது மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் என்ற ஊருக்குள் ஓடும் இலகு ரயிலில் தினமும் நடப்பதுதான். இந்த ரயிலை நம்பித்தான் அந்த ஊர் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். அதே மக்கள்தான் அதைத் திட்டவும் செய்தார்கள். ஒருகட்டத்தில், 'இந்த ரயிலே வேண்டாம், எடுத்துவிடலாமா?' என்ற பேச்சுகூட வந்துவிட்டது. ஏன் அப்படி? வாருங்கள், ஏறிப் பார்ப்போம்!

ஜன்னலுக்கு ஏன் வெட்கம்?

சிங்கப்பூர் ரொம்பச் சின்ன நாடு. ஆனால், மக்கள் அதிகம். அதனால், அங்கே அடுக்குமாடி வீடுகள்தான் அதிகம். நான்கு பேரில் மூன்று பேருக்கு மேல், அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் வசிக்கிறார்கள்.

புக்கிட் பாஞ்சாங் ஊரும் அப்படித்தான். வரிசை வரிசையாக உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே, தூண்கள் மேல் கட்டிய பாலத்தில் நம் ரயில் வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் பாலத்துக்கு மிக அருகிலேயே வீடுகள் இருக்கின்றன.

இப்போது நீங்கள் அந்த வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். தாத்தா பனியனோடு பேப்பர் படிக்கிறார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு ரயில் வருகிறது. அதில் நூறு பேர் நின்றுகொண்டு உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். எப்படி இருக்கும்? கூச்சமாக இருக்காதா?

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ரயில் எந்த இடத்தில் வீடுகளை ஒட்டிப் போகிறதோ, அந்த இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி தானாகவே வெள்ளையாகிவிடும். வீடுகளைத் தாண்டியதும் மறுபடி தெளிவாகிவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, 'திரவப் படிகம்' என்ற பொருளின் மிகச் சிறிய துளிகள் கொண்ட ஒரு மெல்லிய படலம் இருக்கும். மின்சாரம் பாயும்போது அந்தப் படிகங்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். வெளிச்சம் நேராக ஊடுருவிப் போகும். மின்சாரத்தை நிறுத்தினால், படிகங்கள் கலைந்துபோகும். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். கண்ணாடி வெள்ளையாகத் தெரியும்.

டீச்சர் வகுப்பில் இருக்கும்போது நீங்கள் ஒழுங்காக உட்கார்ந்து இருப்பதும், டீச்சர் வெளியே போனதும் வகுப்பே கலகலத்துப் போவதும் போலத்தான்!

இலகு ரயில் என்றால்?

'இலகு' என்றால் 'லேசான' என்று பொருள். எடை குறைந்த ரயிலா என்று கேட்பீர்கள். அதுவும்தான். ஆனால், முக்கியமான விஷயம் வேறு. பெரிய மெட்ரோ ரயில் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, நகரத்தின் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு ஓடும். இலகு ரயில் அப்படி இல்லை. ஒரு பெட்டி அல்லது இரண்டு பெட்டிதான். ஒரு பெட்டியில் சுமார் 100 பேர் போகலாம். அதிலும் பெரும்பாலானவர்கள் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றி வந்து, வீட்டுப் பக்கத்தில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டுபோய் மெட்ரோ ஸ்டேஷனில் விடுவதுதான் அதன் வேலை.

மெட்ரோ ரயில் பெரிய ஆறு என்றால், இலகு ரயில் வாய்க்கால். வாய்க்கால் இருந்தால்தானே தண்ணீர் வயலுக்கு வந்து சேரும்!

சிங்கப்பூரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 1987ம் ஆண்டு. புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் 1999ம் ஆண்டு நவம்பர் 6ம் தேதி ஓடத் தொடங்கியது. அந்த நாட்டின் முதல் இலகு ரயில் இதுதான். பாதையின் நீளம் சுமார் 8 கி.மீ.தான்.

டிரைவர் எங்கே?

இந்த ரயிலின் முன்பக்கம் போய்ப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். டிரைவர் சீட்டே கிடையாது! ரயிலைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. வேறு ஓர் இடத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஊழியர்கள் எல்லா ரயில்களையும் கண்காணிக்கிறார்கள்.

டிரைவர் இல்லாததால், முன்பக்கக் கண்ணாடி முழுக்கப் பயணிகளுக்குத்தான். அங்கே நின்றால், நீங்களே ரயிலை ஓட்டுவது போல இருக்கும். அந்த இடத்துக்கு எத்தனை போட்டி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இன்னொரு அதிசயம், இதற்கு இரும்புச் சக்கரம் கிடையாது. பஸ் போல ரப்பர் டயர்தான்! கான்கிரீட் பாதை மேல் டயர்கள் உருளும். நடுவில் ஓர் இரும்புத் தடம் இருக்கும். அது ரயில் வழி தவறாமல் பார்த்துக்கொள்ளும். 'தடக் தடக்' சத்தம் குறையும். மேட்டில் ஏறுவதும் சுலபம். 'புக்கிட் பாஞ்சாங்' என்றாலே மலாய் மொழியில் 'நீண்ட குன்று' என்றுதான் பொருள். மேடு பள்ளம் நிறைந்த ஊர் அது.

ஸ்டேஷன் பெயரில் சூரியன்!

சிங்கப்பூரில் தமிழும் ஆட்சி மொழிகளில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவை மலாய், சீனம், ஆங்கிலம். இந்த ரயில் நிற்கும் ஸ்டேஷன்களில் பலவற்றுக்கு அழகான மலாய்ப் பெயர்கள் இருக்கின்றன.

'ஃபஜார்' என்றால் விடியல். முஸ்லிம் நண்பர்கள் அதிகாலைத் தொழுகையை 'ஃபஜ்ர்' என்பார்களே, அதே அரபுச் சொல்தான் மலாய்க்கும் போயிருக்கிறது. 'செஞ்சா' என்றால் அந்திப்பொழுது. இது சமஸ்கிருத 'சந்தியா' என்ற சொல்லில் இருந்து வந்தது. 'பெதிர்' என்றால் இடி. 'பங்கிட்' என்றால் எழுந்திரு. 'செகார்' என்றால் புத்தம் புதியது.

ஆக, விடியலில் ஏறி அந்தியில் இறங்க, நடுவில் இரண்டே ஸ்டேஷன்தான்!

வாசலுக்கு வந்த வசதி

சரி, இந்தக் குட்டி ரயிலால் மக்களுக்கு என்ன லாபம்?

பள்ளிக்குப் போக நீங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ரோட்டில் நெரிசல் இருந்தால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், பாலத்தின் மேல் போகும் ரயிலுக்கு சிக்னலும் இல்லை, லாரியும் இல்லை, குறுக்கே வரும் ஸ்கூட்டரும் இல்லை. நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். ஒன்றை விட்டாலும் கவலை இல்லை, அடுத்தது வந்துவிடும்.

ஸ்டேஷன்கள் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. காய்கறிப் பையோடு வரும் பாட்டிக்கும், புத்தகப் பையோடு வரும் பேரனுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி! சுவா சூ காங் என்ற ஸ்டேஷனில் இறங்கினால், மெட்ரோ ரயில் பிடித்து நகரத்துக்குப் போகலாம். 2015ம் ஆண்டு டிசம்பர் மாதம், புக்கிட் பாஞ்சாங்கிலேயே இன்னொரு மெட்ரோ பாதையும் வந்துவிட்டது.

பஸ், இலகு ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே கார்டுதான். தட்டிவிட்டு ஏறலாம், தட்டிவிட்டு இறங்கலாம். வண்டி மாறி மாறிப் போனாலும், போன தூரம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே கணக்காகக் கட்டணம்.

இவ்வளவு வசதி இருந்தும் மக்கள் ஏன் திட்டினார்கள்?

ஷூ போட்ட ரயில்!

ரயிலுக்கு ஷூ உண்டு என்றால் நம்புவீர்களா? இந்த ரயிலுக்கு மேலே மின்கம்பி கிடையாது. பாதையின் நடுவே உள்ள தடத்தோடு மின்சாரம் பாயும் பட்டைகள் ஓடுகின்றன. ரயிலின் அடியில் இருந்து நீளும் சிறிய உலோகத் துண்டுகள் அவற்றை உரசிக்கொண்டே போகும். அவை வழியாகத்தான் ரயிலுக்கு மின்சாரம் கிடைக்கிறது. பொறியாளர்கள் அவற்றை 'ஷூ' என்றுதான் சொல்கிறார்கள்.

நேரான, சமமான பாதை என்றால் ஷூ ஒழுங்காக உரசிக்கொண்டு போகும். ஆனால், இங்கே பாதை எப்படி? ஏறும், இறங்கும், இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் நெளியும். பொருட்காட்சியில் இருக்கும் ரோலர் கோஸ்டரின் தம்பி மாதிரி! அதனால் ஷூவும் பட்டையும் சீக்கிரம் தேய்ந்தன. சில நேரம் ஷூ பிடி விட்டுப் போனது. மின்சாரம் நின்றது. ரயிலும் நின்றது.

இந்த வகை ரயில் பெட்டிகள், விமான நிலையங்களில் பயணிகளை ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு அழைத்துப்போகப் புகழ் பெற்றவை. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலேயே 1990ம் ஆண்டு முதல் இதே குடும்பத்தைச் சேர்ந்த பெட்டிகள் ஓடின. அங்கே தூரம் குறைவு. புக்கிட் பாஞ்சாங்கிலோ, மேடும் வளைவுமான ஊரைக் காலையில் இருந்து நள்ளிரவு வரை சுற்ற வேண்டும். பாவம், திணறியது!

ஒரு ரயில் நின்றால் இன்னொரு சிக்கல். அதை ஓவர்டேக் செய்து போக முடியாது. பின்னால் வருகிற ரயில்களும் வரிசையாக நின்றுவிடும். சில நாட்களில் பயணிகள் ரயிலை விட்டு இறங்கி, பாலத்தின் மேலேயே ஊழியர்கள் துணையோடு நடந்து பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதாயிற்று. பரீட்சை நாளில் அப்படி ஆனால் எப்படி இருக்கும்? கோபம் வராதா?

புகார்கள் குவிந்தன. 2017ம் ஆண்டு, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வான் மனம் திறந்து பேசினார். இந்த ரயில் ஊர் உருவான பிறகு யோசித்துச் சேர்த்த திட்டம் என்றும், பாதை அமைந்திருக்கும் விதமே சிக்கல்களுக்குக் காரணம் என்றும் ஒப்புக்கொண்டார். ஓர் அமைச்சரே இப்படிச் சொன்னது பலருக்கு ஆச்சரியம்.

எடுத்துவிடலாமா?

2016ம் ஆண்டிலேயே மூன்று வழிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் வழி: ரயிலையே நிறுத்திவிட்டு, பஸ் விடுவது.

இரண்டாவது வழி: தன்னிடமே மின்சாரத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஓடும் புது வகை வண்டிகளைக் கொண்டுவருவது.

மூன்றாவது வழி: இருக்கிற ரயிலையே நன்றாகச் சீரமைப்பது.

நீங்கள் அமைச்சராக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கொஞ்சம் யோசியுங்கள்.

பஸ் என்றால் சுலபமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால், ரயிலில் போகிற அத்தனை பேரையும் ஏற்ற எத்தனை பஸ் வேண்டும்! அத்தனையும் ஒரே நேரத்தில் ரோட்டில் இறங்கினால், ஏற்கெனவே நெரிசலான ரோடு என்ன ஆகும்? பஸ்ஸில் போகிறவர்கள் மட்டும் அல்ல, அந்த ரோட்டில் போகும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பழுதான ரயிலைத் தூக்கிப் போடுவது சுலபம். அது தினமும் செய்துவந்த வேலையை யார் செய்வது?

கடைசியில் மூன்றாவது வழிதான் முடிவானது. 2018ம் ஆண்டு, 34 கோடியே 40 லட்சம் சிங்கப்பூர் டாலர் மதிப்பில் சீரமைப்புக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

ஓடிக்கொண்டே ஒரு ஆபரேஷன்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ரயிலைப் பழுது பார்க்க வேண்டும். ஆனால், ரயில் தினமும் ஓடவும் வேண்டும். ஓடிக்கொண்டு இருப்பவருக்கே ஆபரேஷன் செய்வது போல!

அதனால், இரவு கடைசி ரயில் போன பிறகு, அதிகாலை முதல் ரயில் புறப்படும் வரை இருக்கும் சில மணி நேரத்தில்தான் பாதையில் வேலை. நீங்கள் தூங்கிக்கொண்டு இருக்கும் நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் மின்பட்டைகளை மாற்றினார்கள். நேரம் போதாததால், சில காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஓடும் நேரத்தையும் குறைத்தார்கள்.

புதிய சிக்னல் முறை, புதிய மின் ஏற்பாடு, கூடவே 19 புதிய பெட்டிகள். ஒவ்வொரு ரயிலும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் புதிய சிக்னல் முறை மிகத் துல்லியமாகச் சொல்லும். அதனால், ரயில்களைப் பாதுகாப்பாக நெருக்கமாக ஓட்டலாம். புதிய பெட்டிகள் 2024ம் ஆண்டு ஆகஸ்ட் 1ம் தேதி முதல் பயணிகளோடு ஓடத் தொடங்கின.

மூடிய ஸ்டேஷனும், காத்திருந்த ஸ்டேஷனும்

புக்கிட் பாஞ்சாங் ரயிலுக்கு முதலில் 14 ஸ்டேஷன்கள் இருந்தன. இப்போது 13தான். ஒன்று எங்கே போனது?

'டென் மைல் ஜங்ஷன்' என்று ஒரு ஸ்டேஷன். ஒரு வணிக வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ரயிலில் இருந்து இறங்கினால் நேராகக் கடைகளுக்குப் போகலாம். கேட்க ஜோராக இருக்கிறது அல்லவா? ஆனால், அங்கே ஏறி இறங்கியவர்கள் மிகக் குறைவு. 2019ம் ஆண்டு ஜனவரி 13ம் தேதி முதல் அது மூடப்பட்டது. சிங்கப்பூர் மெட்ரோ, இலகு ரயில் வரலாற்றில் நிரந்தரமாக மூடப்பட்ட முதல் ஸ்டேஷன் அதுதான்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. செங்காங், பொங்கோல் என்ற புதிய ஊர்களிலும் 2003, 2005ம் ஆண்டுகளில் இலகு ரயில்கள் வந்தன. அங்கே ஊரைத் திட்டமிடும்போதே ரயிலையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். அதனால், வீடுகள் வருவதற்கு முன்பே சில ஸ்டேஷன்கள் தயாராகிவிட்டன! பொங்கோலில் உள்ள 'டெக் லீ' ஸ்டேஷனைச் சுற்றி ஆளே இல்லாததால், அது பூட்டியே கிடந்தது. அந்தப் பாதையில் 2014ம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியும், டெக் லீயில் மட்டும் நிற்காமல் போனது. பிறகு, பக்கத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. ஒருவழியாக 2024ம் ஆண்டு ஆகஸ்ட் 15ம் தேதி கதவு திறந்தது!

முன்பே ஊர் இருந்த இடத்தில் ரயிலை நுழைத்தால் வளைவும் நெளிவும். ஊருக்கு முன்பே ரயில் வந்தால் காலி ஸ்டேஷன். இரண்டிலும் கஷ்டம் உண்டு. அதனால்தான், ஊரும் ரயிலும் அண்ணன் தம்பி போலச் சேர்ந்தே வளர வேண்டும் என்று சொல்கிறார்கள்.

திட்டுவது யார்?

இப்போது ஒரு கேள்வி. ரயில் ஒழுங்காக ஓடிய நாட்களை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? 'இன்று ரயில் சரியான நேரத்துக்கு வந்தது' என்று யாராவது வீட்டில் வந்து சொல்வார்களா? மாட்டார்கள். நின்றுபோன ஒரு நாளைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். வீட்டில் தினமும் சமைக்கும் அம்மாவைப் பாராட்டாமல், உப்பு கூடிய அன்று மட்டும் முகம் சுளிப்போமே, அப்படித்தான்!

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ரயிலில் ஏறாதவர்கள் அதைத் திட்டவில்லை. தினமும் அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்தான் திட்டினார்கள். 'வேண்டாம்' என்பதற்காக அல்ல, 'சரியாக ஓடு' என்பதற்காக. அந்தப் புகார்கள்தான் புதிய பெட்டிகளாகவும், புதிய சிக்னலாகவும் மாறி வந்தன.

அதேபோல, ரயிலில் ஏறாதவர்களின் குரலும் முக்கியம். வண்டியில் போகிறவர்களுக்கு வசதி. ஜன்னலுக்கு வெளியே வீட்டில் இருக்கிறவர்களுக்கோ தொந்தரவு. அந்த இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்ததால்தான் கண்ணை மூடிக்கொள்ளும் கண்ணாடி வந்தது.

உங்கள் ஊரிலும் பஸ்ஸோ ரயிலோ ஓடுகிறது அல்லவா? அதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, சரிசெய்ய வேண்டியது என்ன என்று ஒரு வாரம் கவனித்து நோட்டில் எழுதிப் பாருங்கள். வெறுமனே திட்டாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருக்குக் கஷ்டம் என்று எழுதுங்கள். படியில் ஏற முடியாத தாத்தாவையும், ரோட்டோரம் வீடு இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள்.

நாளைக்கு உங்களில் யாராவது ஒருவர் ஊருக்கு ரயில் பாதை போடும் பொறியாளர் ஆகலாம். அப்போது அந்த நோட்டு கட்டாயம் உதவும். என்ன குட்டீஸ், ரெடியா?